கடை நம்பர் யார் பெயரில் இருக்கிறது? சிறு வியாபாரத்துக்கு இணையக் கருவிகள்: முழுமையான வழிகாட்டி

புறக்கோட்டையில் பத்துக்குப் பத்து அடிக் கடை வைத்திருப்பவரிடமும் இன்றைக்கு ஒரு வட்ஸ்அப் நம்பர், ஒரு பேஸ்புக் பக்கம், ஒரு வங்கி ஆப், கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு கியூஆர் ஸ்டிக்கர் இருக்கிறது. இவற்றை யாரும் திட்டம் போட்டுத் தொடங்கியதில்லை. பக்கத்தை மருமகன் திறந்து கொடுத்திருப்பார். கடைப் பெடியன் தன் சிம்மிலேயே ஓடர் எடுக்கத் தொடங்கியிருப்பான். கணக்கு எழுத வருபவர் தன் ஜிமெயிலிலேயே ஷீட் போட்டிருப்பார். வியாபாரமும் நன்றாகத்தான் ஓடும், இவர்களில் ஒருவர் வேலையை விட்டுப் போகிற வரைக்கும்.

எந்த ஆப் நல்லது என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். ஓரளவுக்கு எல்லா ஆப்பும் நல்லதுதான். சாவி யாரிடம் இருக்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். ஆகவே கீழே சொல்வதை வரிசை மாற்றாமல் செய்யுங்கள். முதல் இரண்டு படிகளால் வியாபாரம் ஒரு ரூபாவாலும் கூடப் போவதில்லை. ஆனால் மற்றவை எல்லாம் அந்த இரண்டின் மேல்தான் நிற்கின்றன.

படி 1: ஒரு சிம், ஒரு மின்னஞ்சல்

ஒரு கொப்பித் தாளை எடுங்கள். கடை பாவிக்கிற ஒவ்வொன்றையும் எழுதுங்கள்: வட்ஸ்அப், பேஸ்புக் பக்கம், இன்ஸ்டகிராம், கூகுள் மெப்பில் கடையின் இடம், வங்கி ஆப், கூரியர் கம்பனியின் கணக்கு, பில் போடும் மென்பொருள், இணையத்தளம் இருந்தால் அதன் டொமைன், அதாவது முகவரிப் பெயர். ஒவ்வொன்றுக்கும் எதிரே அது எந்த நம்பரில், எந்த மின்னஞ்சலில் திறந்தது, அந்த நம்பரும் மின்னஞ்சலும் யாருடையது என்று எழுதுங்கள். பெரும்பாலான கடைகளில் இந்தத் தாளில் முதலாளியின் பெயர் ஒன்றிரண்டு இடத்தில்தான் வரும்.

சிம் உங்கள் பெயரில், அல்லது பதிவு செய்த வியாபாரத்தின் பெயரில் இருக்க வேண்டும். இப்போது ஊழியர் ஒருவர் பெயரில் இருந்தால், அவர் வேலையில் இருக்கும்போதே, முகம் கோணாமல் இருக்கும்போதே, அவரையும் கூட்டிக்கொண்டு தொலைபேசி நிறுவனத்தின் கவுண்டருக்குப் போய் மாற்றிக்கொள்ளுங்கள். அடையாள அட்டையும் வியாபாரப் பதிவுச் சான்றிதழும் கையில் இருக்கட்டும். அவர் சம்மதிக்காவிட்டால் புது சிம் எடுத்து, வட்ஸ்அப்பில் ‘சேஞ்ச் நம்பர்’ வழியாகக் கணக்கைப் புது நம்பருக்கு நகர்த்தலாம். போனில் பதிந்து வைத்திருக்கும் தொடர்புகளுக்கு நம்பர் மாறியதை அறிவிக்கும் தெரிவும் அங்கேயே வரும், அதைப் போட்டுவிடுங்கள். இதையும் பழைய சிம் கைக்கு எட்டும்போதே செய்ய வேண்டும்.

இன்னொன்று. பில்லிலும் பெயர்ப்பலகையிலும் அச்சடித்திருக்கும் நம்பருக்கு வங்கியின் ஓடிபி வரக்கூடாது. அந்த நம்பர் ஊருக்கே தெரியும், மோசடிக்காரனுக்கும் தெரியும். கடைப் போனை நாலு பேர் தூக்குவார்கள். வங்கிக்கும் கடையின் மின்னஞ்சலுக்கும் உங்கள் சட்டைப் பையில் இருக்கும் வேறொரு நம்பரைக் கொடுங்கள். அது முற்கொடுப்பனவு சிம் என்றால் அவ்வப்போது ரீலோட் செய்யுங்கள். மாதக்கணக்கில் பாவிக்காமல் விட்ட நம்பரைத் துண்டித்து வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள்.

பிறகு கடையின் பெயரில் புதிதாக ஒரு ஜிமெயில் திறவுங்கள். இலவசமாகவே 15 ஜிபி இடம் கிடைக்கும், சிறு கடைக்கு அது நெடுநாள் போதும். மீட்பு நம்பராகவும் மீட்பு மின்னஞ்சலாகவும் உங்கள் சொந்தத்தைக் கொடுங்கள். தாளில் எழுதிய மற்றக் கணக்குகளை ஒவ்வொன்றாக இந்த மின்னஞ்சலுக்கு மாற்றுங்கள். ஒரே நாளில் முடியாது. அவசரமும் இல்லை, ஆனால் வட்ஸ்அப்பையும் பேஸ்புக்கையும் முதல் வாரத்திலேயே முடித்துவிடுங்கள்.

படி 2: பூட்டு

கடையின் பெயரோடு 123 சேர்த்தால் அது பாஸ்வேர்ட் ஆகாது. சம்பந்தமில்லாத நாலு சொற்களைக் கோர்த்து நீளமாக வையுங்கள். ஒன்றுக்கு வைத்ததை இன்னொன்றுக்கு வைக்காதீர்கள். எங்கோ ஒரு இணையக் கடையில் களவு போகிற பாஸ்வேர்ட்டைத்தான் கள்வர்கள் உங்கள் ஜிமெயிலிலும் போட்டுப் பார்க்கிறார்கள். இத்தனையையும் ஞாபகம் வைக்க முடியாது. பிட்வார்டன் போன்ற பாஸ்வேர்ட் மேனேஜரை இலவசமாகவே பாவிக்கலாம். அதெல்லாம் சரிவராது என்பவர்கள் ஒரு கொப்பியில் எழுதி, காசோலைப் புத்தகத்தோடு வீட்டு அலுமாரியில் பூட்டி வையுங்கள். எழுதி வைப்பதே பிழை என்று சிலர் பயமுறுத்துவார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. கல்லா மேசையில் ஒட்டி வைப்பதுதான் பிழை.

அடுத்தது இரட்டைப் பூட்டு, அதாவது பாஸ்வேர்ட்டுக்குப் பிறகு இன்னொரு இலக்கமும் கேட்பது. முதலில் ஜிமெயிலுக்குப் போடுங்கள், ஏனென்றால் மற்றவற்றின் பாஸ்வேர்ட்டை மாற்றும் இணைப்பு அங்கேதான் வரும். எஸ்எம்எஸ்ஸை விட கூகுள் ஒதென்டிகேட்டர் போன்ற ஆப் நல்லது; சிம்மை ஏமாற்றி எடுத்தவனுக்கும் அந்த இலக்கம் போகாது. கூகுள் 10 பெக்கப் கோட் தரும். அதை அச்சடித்து அந்தக் கொப்பிக்குள் வையுங்கள். போன் தொலைந்த அன்றைக்குத்தான் அதன் அருமை தெரியும்.

வட்ஸ்அப்பில் செட்டிங்ஸ், எக்கவுண்ட், ‘டூ ஸ்டெப் வெரிபிகேஷன்’ என்று போய் ஆறு இலக்கப் பின் ஒன்றை வையுங்கள். அங்கேயே மின்னஞ்சலையும் கொடுங்கள். இந்தப் பின் இருந்தால், எஸ்எம்எஸ்ஸில் வந்த இலக்கத்தைக் கடைப் பெடியன் யாருக்காவது வாய்தவறிச் சொல்லிவிட்டாலும் கணக்குப் பறிபோகாது. இரண்டு நிமிட வேலை. இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றைத்தான் செய்வேன் என்பவர் இதைச் செய்யுங்கள்.

கடைக் கணினி பற்றிச் சுருக்கமாக. விண்டோஸ் 10 க்கான வழமையான பாதுகாப்பு ஆதரவை மைக்ரோசொப்ட் 2025 ஒக்டோபர் 14 உடன் நிறுத்திவிட்டது. இன்னும் அதிலேயே ஓடுகிறதென்றால் மாற்ற வேண்டிய நேரம். கிரக் செய்த பில்லிங் மென்பொருளைச் சும்மா கிடைக்கிறதே என்று போடாதீர்கள். பூட்டை உடைத்துத் தந்தவன் உள்ளே என்ன வைத்தான் என்று யாருக்கும் தெரியாது. கல்லாக் கணினியில் வங்கிப் பாஸ்வேர்ட்டைச் சேமிக்க வேண்டாம்.

படி 3: ஓடர் எடுக்கும் இடம்

சாதாரண வட்ஸ்அப்பை விட்டு வட்ஸ்அப் பிஸ்னஸுக்கு மாறுங்கள், அதுவும் இலவசம்தான். நேரத்தை மிச்சம் பிடிப்பவை அதில் மூன்று: கெட்டலொக் (படமும் விலையும் உள்ள பொருள் பட்டியல்), குயிக் ரிப்ளை (முன்பே எழுதி வைத்த பதில்), லேபல் (ஒவ்வொரு உரையாடலுக்கும் ஒட்டும் அடையாளம்).

வெள்ளவத்தையில் சாரிக் கடை வைத்திருப்பவரை எடுங்கள். ஒரு நாளைக்கு எத்தனை பேர் “இது எவ்வளவு?”, “வேற கலர் இருக்கா?”, “டிலிவரி எவ்வளவு?” என்று கேட்கிறார்கள்? படமும் விலையும் கெட்டலொக்கில் இருந்தால் முதல் இரண்டு கேள்வியும் பாதியாகும். மூன்றாவதுக்கு ஒரு குயிக் ரிப்ளை எழுதி வையுங்கள்:

“வணக்கம். கொழும்புக்குள் டிலிவரி அடுத்த நாள். வெளி மாவட்டங்களுக்குக் கூரியரில் இரண்டு மூன்று நாள் ஆகும். பெயர், விலாசம், பகலில் எடுக்கும் நம்பர் மூன்றையும் ஒரே செய்தியில் அனுப்புங்கள். காசு எங்கள் கணக்கில் விழுந்ததைப் பார்த்த பிறகுதான் பொருள் வெளியே போகும்.”

கடைசி வரியை மறக்க வேண்டாம். படி 5 இல் அதற்கு வேலை இருக்கிறது.

இதே பதிலைச் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் வையுங்கள். கொழும்பில் மூன்று பாஷையிலும் ஓடர் வரும், தமிழையும் சிங்களத்தையும் ஆங்கில எழுத்தில் அடித்த கலவையிலும் வரும். மொழிபெயர்ப்புக்குக் கூகுள் ட்ரான்ஸ்லேட்டையோ செட்ஜிபிடியையோ கேட்கலாம், தப்பில்லை. ஆனால் சிங்களம் வாசிக்கத் தெரிந்த ஒருவரிடம் ஒருமுறை காட்டிவிட்டு வையுங்கள், மரியாதைச் சொல் இடம் மாறினால் வாடிக்கையாளர் மாறிவிடுவார். வாடிக்கையாளர் பெயர், நம்பர், கடன் பாக்கி உள்ள பட்டியலை மட்டும் எந்த ஏஐ கருவியிலும் ஒட்டாதீர்கள்.

லேபலில் நான்கு போதும்: புது ஓடர், காசு வரவில்லை, அனுப்பியாச்சு, பிரச்சினை. பத்துப் பன்னிரண்டு லேபல் வைத்த கடைகளில் ஒரு மாதத்துக்குப் பிறகு ஒருவரும் எதையும் தொடுவதில்லை.

ஒரு நம்பரை முதன்மைப் போனுக்கு மேலாக நான்கு கருவிகளில் இணைக்கலாம். பெடியன்களிடம் சிம்மைக் கொடுக்காமலே அவர்கள் ஓடர் பார்க்கலாம். முதன்மைப் போன் உங்களிடம் இருக்கட்டும். 14 நாளுக்கு மேல் அதைத் திறக்காவிட்டால் மற்றவை தாமாகவே வெளியேறிவிடும். சனிக்கிழமை கடை பூட்டும்போது ‘லிங்க்ட் டிவைசஸ்’ பட்டியலைப் பாருங்கள். தெரியாத கணினி ஒன்று இருந்தால் அங்கேயே தட்டி வெளியேற்றுங்கள்.

படி 4: கணக்குக் கொப்பி

கூகுள் ஷீட்டில் பெரிய கட்டமைப்பெல்லாம் வேண்டாம். திகதி, பெயர், பொருள், தொகை, எப்படிக் கட்டினார், பாக்கி, எழுதியவர் என ஏழு நிரல் போதும். கடைசி நிரல்தான் சண்டையைக் குறைக்கும். கடன் கொப்பிக்குத் தனித் தாள் ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். ‘வேர்ஷன் ஹிஸ்டரி’ என்ற இடத்தில் யார் எப்போது எந்த எண்ணை மாற்றினார்கள் என்பது பதிவாகியிருக்கும். அது இருப்பது ஊழியர்களுக்கும் தெரிந்திருக்கட்டும். ஒளித்துப் பார்ப்பதை விடச் சொல்லிவிட்டுப் பார்ப்பது இரு பக்கத்துக்கும் நல்லது.

பகிரும்போது ‘இணைப்பு உள்ள எவரும்’ என்பதைத் தெரிவு செய்யாதீர்கள். அந்த இணைப்பு ஒரு வட்ஸ்அப் குழுவில் விழுந்தால் உங்கள் மொத்த விலையும் எதிர்க்கடைக்காரர் கையில். பெயர் சொல்லி, மின்னஞ்சல் கொடுத்து, பார்க்க மட்டும் வேண்டியவருக்குப் பார்க்க மட்டும் அனுமதி கொடுங்கள்.

பழைய கடைகளில் ஒரு தொல்லை. பொருள் பட்டியல் முழுக்க பாமினி எழுத்துருவில் இருக்கும். கடைக் கணினியில் தமிழாகத் தெரிவது போனில் திறந்தால் ஆங்கில எழுத்துக் கஞ்சியாகத் தெரியும், தேடினால் ஒன்றும் அகப்படாது. இணையக் கருவிக்குப் போக வேண்டுமென்றால், எந்தக் கருவியிலும் தமிழாகவே தெரியும் யுனிகோட் கட்டாயம். பாமினியை யுனிகோடாக மாற்றும் இலவசப் பக்கங்கள் நிறைய உண்டு. பொருள் பெயர்களை அங்கே மாற்றலாம், வாடிக்கையாளர் விபரத்தை அங்கே ஒட்ட வேண்டாம். தட்டச்சு வராதவர் ஜிபோர்டில் ‘தமிழ் (இலங்கை)’ வைத்துக் குரலால் சொல்லிப் பார்க்கலாம். எண்களை மட்டும் கையால் அடியுங்கள்.

படி 5: காசு, அதாவது ஸ்லிப்

கொழும்புக் கடைகளுக்கு ஹேக்கரை விடப் பெரிய தலையிடி, காசு போட்டதற்கு ஆதாரமென்று வரும் இந்த வங்கி ஸ்லிப்தான். வெள்ளிக்கிழமை பின்னேரம், கடை நிறையச் சனம். வட்ஸ்அப்பில் ஒரு படம் வருகிறது. பின்னாலேயே குரல் செய்தி: “அண்ணா, காசு போட்டுட்டன், ஸ்லிப் அனுப்பியிருக்கிறன். த்ரீவீல்காரர் வாசல்ல நிக்கிறார், சாமானைக் குடுத்து விடுங்கோ.” படத்தில் வங்கியின் சின்னம், உங்கள் கணக்கிலக்கம், சரியான தொகை, எல்லாம் இருக்கும்.

அந்தப் படம் நாலு விதத்தில் பொய்யாகலாம். போனிலேயே எழுத்து மாற்றிய படமாக இருக்கலாம். நாளைக்கென்று திகதி போட்ட பரிமாற்றமாக இருக்கலாம், படம் அனுப்பிவிட்டு ரத்துச் செய்துவிடுவார்கள். காசோலை வைப்புச் செய்த ஸ்லிப்பாக இருக்கலாம். காசோலை அடுத்த வேலை நாளிலோ அதற்குப் பிறகோதான் காசாகும், திரும்பியும் வரலாம், ஆனால் ஸ்லிப் இன்றைக்கே கையில் இருக்கும். அல்லது போன மாதத்து உண்மையான ஸ்லிப்பாகவே இருக்கலாம்.

ஆகவே கடைக்கு ஒரே சட்டம்: படத்தைப் பார்க்க வேண்டாம், கணக்கைப் பாருங்கள். வங்கி ஆப்பைத் திறந்து வரவு விழுந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே பொருள் வெளியே போகும். எஸ்எம்எஸ் வந்ததே என்றும் விடாதீர்கள். வங்கியின் பெயரில் போலி எஸ்எம்எஸ் அனுப்புவதும் நடக்கிறது. “வேற வங்கி அண்ணா, அதுதான் சுணங்குது” என்பார்கள். வங்கிகளுக்கிடையே காசு அனுப்பும் லங்காபேயின் செஃப்ட்ஸ் முறையில் அனுப்பிய காசு வேறு வங்கிக்கும் சாதாரணமாக உடனேயே வந்து சேர்ந்துவிடும். சுணங்கினால் சுணங்கட்டும், சாமானும் அதுவரை கடையிலேயே இருக்கட்டும். இதைக் கோபமில்லாமல் சொல்லத்தான் குயிக் ரிப்ளையில் அந்த வரி. பழைய வாடிக்கையாளரிடம் இப்படிச் சொல்வது கூச்சமாக இருக்கும். எல்லோருக்கும் ஒரே விதி என்றால் கூச்சம் தேவையில்லை.

கடைப் பெடியன் வங்கி ஆப்பைப் பார்ப்பது எப்படி? உங்கள் பிரதான கணக்கின் பாஸ்வேர்ட்டைக் கொடுக்காதீர்கள். வசூலுக்கென்று தனிக் கணக்கு ஒன்று திறவுங்கள். ஓடர் காசெல்லாம் அதில் விழட்டும், பின்னேரம் நீங்களே அதைப் பிரதான கணக்குக்கு மாற்றுங்கள். வியாபாரக் கணக்குகளில் பார்க்க மட்டும் அனுமதி, ஒருவர் பதிந்து இன்னொருவர் ஒப்புதல் கொடுக்கும் வசதி எல்லாம் உங்கள் வங்கியில் உண்டா என்று கேளுங்கள். இருந்தால் அது இன்னும் நல்லது.

வங்கிகளுக்குப் பொதுவான கியூஆர் முறையான லங்காகியூஆர் வைத்தால், அந்த முறையில் சேர்ந்த எந்த வங்கி ஆப்பிலிருந்தும் வாடிக்கையாளர் கட்டலாம். ஸ்டிக்கரை வாசல் கண்ணாடியில் ஒட்டாமல் கல்லாவுக்கு உள்பக்கம் வையுங்கள். யாராவது தன்னுடையதை மேலே ஒட்டிவிட்டுப் போகலாம். காலையில் கடை திறந்ததும் நீங்களே ஒருமுறை ஸ்கேன் செய்து கடைப் பெயர் வருகிறதா என்று பாருங்கள்.

காசு வெளியே போகும் பக்கமும் உண்டு. சீனாவிலிருந்தோ சென்னையிலிருந்தோ சரக்கு எடுப்பவர்களுக்கு “எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி இதில் போடுங்கள்” என்று மின்னஞ்சல் வரும். நீங்கள் கேட்ட அதே இன்வொய்ஸ், அதே சரக்கு, அதே கையெழுத்து. யாரோ ஒருவர் அந்தப் பக்கத்து மின்னஞ்சலுக்குள்ளோ உங்கள் மின்னஞ்சலுக்குள்ளோ இருந்து கடிதங்களை வாசித்துக்கொண்டிருந்தால் இது முடியும், பெரும்பாலும் அப்படித்தான் செய்கிறார்கள். கணக்கு மாறியது என்ற செய்தி எந்த வழியில் வந்தாலும், முன்பிருந்தே உங்களிடம் இருக்கும் நம்பருக்கு எடுத்து, குரல் கேட்டு உறுதிப்படுத்துங்கள். அந்த மின்னஞ்சலில் இருக்கும் நம்பருக்கு எடுக்காதீர்கள்.

படி 6: பேஸ்புக் பக்கமும் போலிச் செய்திகளும்

பக்கத்துக்கு முழு அதிகாரம் உள்ளவர்கள் இரண்டு பேர் இருக்க வேண்டும்: நீங்களும் வீட்டில் நம்பிக்கையான ஒருவரும். விளம்பரம் போடுபவருக்கு விளம்பரத்துக்கான அனுமதி மட்டும். பூஸ்ட் பண்ணப் பாவிக்கும் கார்ட்டில் தொகை வரம்பு வையுங்கள். “உங்கள் பக்கம் 24 மணித்தியாலத்தில் நீக்கப்படும், முறையீடு செய்ய இங்கே அழுத்துங்கள்” என்று மெசஞ்சரில் வருவது மெட்டா அனுப்புவதில்லை.

தபால் திணைக்களத்தின் பெயரில் “உங்கள் பொதி நிற்கிறது, விலாசத்தைத் திருத்துங்கள்” என்று வரும் எஸ்எம்எஸ்ஸும் அதே வகைதான். தினமும் பொதி அனுப்பும் கடைக்காரர் இதில் மற்றவர்களை விட இலகுவாக விழுவார், ஏனென்றால் அவருக்கு உண்மையிலேயே எங்கோ ஒரு பொதி நிற்கும்.

படி 7: பிரதி எடுத்து வைத்தல்

2023 இல் அரச அலுவலகங்களின் மின்னஞ்சல் இருந்த லங்கா கவர்ன்மென்ட் கிளவுட், கோப்புகளைப் பூட்டிவிட்டுக் காசு கேட்கும் ரென்சம்வெயார் தாக்குதலுக்கு உள்ளானது. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான அரச மின்னஞ்சல்கள் மீட்க முடியாமல் போயின. பிரதி இல்லாமல் இல்லை. இருந்த பிரதி அதே வலையில் இணைந்திருந்ததால் அதுவும் பூட்டுப்பட்டது. துண்டித்து வைத்த பிரதி அந்தக் காலத்துக்கு இருக்கவில்லை.

உங்கள் கடைக்கும் இதே கணக்குத்தான். கூகுள் ட்ரைவில் இருப்பது ஒரு பிரதி. மாதம் ஒருமுறை ஷீட்டையும் பொருள் படங்களையும் பில்லிங் மென்பொருளின் தரவையும் வெளி ஹார்ட்டிஸ்கில் இறக்கி, கழற்றி, வீட்டுக்குக் கொண்டுபோங்கள். எப்போதும் கணினியில் செருகியே கிடக்கும் டிஸ்க் பிரதிக்குள் சேர்த்தி இல்லை. வட்ஸ்அப் பெக்கப்பையும் கடையின் ஜிமெயிலுக்கு மாற்றிவிடுங்கள். அது இன்னும் மருமகனின் ஜிமெயிலுக்குப் போய்க்கொண்டிருக்கலாம்.

படி 8: ஆள் மாறும்போது

ஊழியர் விலகுகிற நாளில் சம்பளக் கணக்கு முடிப்பதோடு இதையும் முடியுங்கள்: லிங்க்ட் டிவைசஸில் அவருடைய கருவி, ஷீட்டின் அனுமதி, பேஸ்புக் பக்கத்தின் அதிகாரம், கூரியர் கணக்கின் பாஸ்வேர்ட், கடை வைபையின் பாஸ்வேர்ட். எவ்வளவு நல்லவராக இருந்தாலும் செய்யுங்கள். பின்னால் ஏதாவது நடந்தால் அவர்மேல் சந்தேகம் விழாமல் இருப்பதற்கும் இது உதவும்.

வாடிக்கையாளரின் அடையாள அட்டைப் படங்களைக் கடைப் போன் கெலரியில் குவித்து வைக்காதீர்கள். இலங்கையில் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புக்கென்றே 2022 இன் 9 ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. சட்டத்தை விடுங்கள், தேவையில்லாத படம் தொலைந்தால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்.

படி 9: நடந்துவிட்டால்

காசு போயிருந்தால் முதல் அழைப்பு வங்கிக்கு. அந்த நம்பரை இப்போதே போனில் பதிந்து வையுங்கள், அந்த நேரத்தில் கூகுளில் தேடினால் போலி நம்பரும் அகப்படும். கணக்கை முடக்கச் சொல்லுங்கள், முறைப்பாட்டு இலக்கத்தையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

சிம் திடீரென்று சிக்னல் இழந்தால், பக்கத்தில் இருப்பவரின் அதே நிறுவனத்து சிம் வேலை செய்கிறதா என்று பாருங்கள். அவருடையது செய்தால், உங்கள் சிம்மை யாரோ மாற்றி எடுத்திருக்கலாம். உடனே தொலைபேசி நிறுவனத்துக்கும் வங்கிக்கும் அறிவியுங்கள்.

வட்ஸ்அப் பறிபோயிருந்தால் ஆப்பில் உங்கள் நம்பரை மீண்டும் பதியுங்கள். எஸ்எம்எஸ் இலக்கம் உங்களுக்குத்தான் வரும், அதைப் போட்டதும் மற்றவர் வெளியேறிவிடுவார். அவர் புதிதாகப் பின் வைத்திருந்தால் 7 நாள் காத்திருக்க வேண்டி வரும், ஆனால் அவராலும் உள்ளே போக முடியாது. ஜிமெயில் என்றால் பாஸ்வேர்ட்டை மாற்றி, எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேற்றி, மீட்பு நம்பர் மாறியிருக்கிறதா என்றும் பாருங்கள். கடிதங்களை வேறு முகவரிக்குத் திருப்பும் ‘ஃபோர்வேர்டிங்’ ஏதாவது வைத்துவிட்டுப் போயிருக்கிறார்களா என்பதையும் பாருங்கள். பலர் இதை விட்டுவிடுகிறார்கள்.

ஸ்கிரீன்சொட்களை அழிக்காதீர்கள். கணினிப் பாதுகாப்புப் பிரச்சினைகளைக் கவனிக்கும் அரச அமைப்பான இலங்கை சேர்ட்டை 101 இல் அழைக்கலாம். காசு சம்பந்தப்பட்டால் பொலிஸிலும் முறைப்பாடு செய்யுங்கள். 2007 இன் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தின் கீழ் இது குற்றம். பிறகு வேறு நம்பரிலிருந்து வாடிக்கையாளர்களுக்கு இப்படி ஒரு செய்தி அனுப்புங்கள்:

“எங்கள் கடை வட்ஸ்அப் நம்பர் இன்று காலை முதல் எங்கள் கட்டுப்பாட்டில் இல்லை. அதிலிருந்து காசு கேட்டோ இலக்கம் கேட்டோ செய்தி வந்தால் அது நாங்கள் அல்ல. புதுக் கணக்கிலக்கம் தந்தால் அதில் போட வேண்டாம். சந்தேகமிருந்தால் பில்லில் இருக்கும் லேன்ட்லைனுக்கு எடுங்கள்.”